விரல் பதித்த பால்கோவா

வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து புத்தூரை அடுத்த கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே குடியேறிய வேங்கடாசலத்தின் இரண்டாம் மகன் வழிப் பேரன் ஆதிநாராயணன். அந்தக் கிளையில் பிறந்தவர்களில் ஒருவர் ஊருக்குக் கிணறு வெட்டினார். ஒருவர் ரயில்வேயில் சேர்ந்து பாகாலாவில் கொடி காட்டினார். ஒருத்தி செவிலியாகி ஓமானுக்குப் போனாள். ஆதிநாராயணன் பால்கோவா கிண்டினார். மிச்ச நேரத்தில் பிறரை இகழ்ந்தார். இவற்றில் எது அவருடைய தொழில், எது பொழுதுபோக்கு என்று பிரித்துச் சொல்வது அவருடன் முப்பது வருடம் வாழ்ந்த காஞ்சனாவுக்கே கடினம்.

அவருடைய இகழ்ச்சியிலிருந்து யாரும் தப்பியதில்லை. பால் குளிரூட்டும் நிலையத்துக்காரர்கள் தண்ணீருக்குச் சட்டை மாட்டி விற்பவர்கள். சித்தூர் இனிப்புக் கடைகளில் செய்வது மைதாவுக்கு வெள்ளையடிக்கும் வேலை. கையுறை போட்டுக்கொண்டு இனிப்புப் பிடிப்பவன் மனைவியை உறை போட்டுத் தொடுகிறவன். அச்சுப் பலகையில் கோவாவை அழுத்துகிறவனைப் பற்றி அவர் சொன்னது இங்கே எழுதத் தக்கதல்ல.

அவருடைய கோவாவில் அச்சு கிடையாது. சூடு இறங்கிய கோவாவை எலுமிச்சை அளவுக்கு உருட்டி, வலது ஆள்காட்டி விரலால் நடுவில் ஒரு குழி பதிப்பார். அந்தக் குழிதான் அடையாளம். திருப்பதி பேருந்து நிலையத்துக்கு எதிரே மிட்டாய்க்கடை வைத்திருக்கும் ரமணா, "ஆதி அன்னா வேலு", ஆதி அண்ணன் விரல், என்று தெலுங்கில் அந்த விரலின் பெயரைச் சொல்லியே விற்றார். சுற்று வட்டாரத்தில் அதற்குக் கைராசி என்று பெயர். ஆதிநாராயணனுக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள அந்தப் பெயர் ஒன்றுதான் இருந்தது. நிலம் பங்காளி வழக்கில் போய்விட்டது. மிச்சமிருந்த நற்பெயரைக் குடும்பத்துத் திருமணங்களில் அவருடைய வாய் தின்றுவிட்டது. விரல் மட்டும் எஞ்சியது.

அந்த விரலை அவர் சோப்புப் போட்டுக் கழுவியதில்லை. சோப்பின் வாசனை கோவாவில் ஏறிவிடுமாம். தண்ணீரில் நனைத்துத் தோள்துண்டில் துடைத்துக்கொள்வார். அந்தத் துண்டால் அவர் வேறு எதையெல்லாம் துடைத்தார் என்பது காஞ்சனாவுக்குத் தெரியும்; துவைத்தவள் அவள்தான்.

சித்தப்பா மகன் முரளிதரனுடைய பெண் பிரமிளாவுக்குச் சித்தூரில் நிச்சயதார்த்தம் வைத்தார்கள். முரளிதரன் பாகாலாவுக்கு அருகே ஒரு தனியார் பால் பண்ணையில் பரிசோதனைக்கூடப் பொறுப்பாளர். 'பாலை நாக்கில் வைத்துப் பார்க்கத் தெரியாமல் கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்ப்பவன்' என்பது அவரைப் பற்றி ஆதிநாராயணனுடைய கருத்து. ஆயினும் இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு: சம்பந்தி வீட்டார் வாயில் விழும் முதல் இனிப்பு பங்காளி வீட்டிலிருந்து வர வேண்டும். பங்காளிக்கு இந்த உறவில் மனக்குறை எதுவும் இல்லை என்பதற்கு அது சாட்சி. ஆதிநாராயணனுக்கோ மனக்குறைகள் மட்டுமே இருந்தன. இருந்தாலும் தட்டு தன் வீட்டிலிருந்துதான் போக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அது மாங்காய் பழுக்கும் வெயில்காலம். நிச்சயத்துக்குச் சில நாள் முன்பிருந்து அவருடைய ஆள்காட்டி விரலில் நகச்சுற்று. சர்க்கரை வியாதிக்காரருக்குச் சிறு கீறலும் சீழ் பிடிக்கும். ஊர் வழக்கப்படி எலுமிச்சம்பழத்தின் தலையைச் சீவி, உள்ளே விரலை நுழைத்துக்கொண்டு தெருவெல்லாம் திரிந்தார். பால் ஊற்ற வருகிறவர்களிடமெல்லாம் மஞ்சள் தொப்பி போட்ட விரலை நீட்டி, ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களைக் கேலி செய்தார்.

கோவா கிண்டும் நாளில் பால் பொன்னியம்மாளுடையது. இரண்டு எருமைகளும் ஒரு பசுவும் வைத்துப் பிழைக்கும் கைம்பெண். எருமைப் பாலின் கெட்டிக்காக அவளிடம் மட்டும்தான் அவர் வாங்குவார். மிச்சத்தை அவள் பால் சென்டரில் ஊற்றுவாள். அகன்ற வாணலியில் பால் சுண்டிக் கோவா திரண்டதும், வீட்டுக்கென்று காஞ்சனா ஒரு கரண்டி அள்ளி டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தாள். பிறகுதான் அவர் உருட்ட உட்கார்ந்தார்.

"அந்த எலுமிச்சங்கா?" என்று கேட்டாள் காஞ்சனா.

"கழட்டிட்டேன். புளிப்பு பட்டா கோவா திரிஞ்சிப் பூடும்னு தெரியாதா? எனக்கே தொழில் சொல்லிக் குடுக்கிறியா?"

புளிப்பின் மீது அவருக்கு அவ்வளவு எச்சரிக்கை. பழத்தைக் கழற்றிச் சன்னலில் வைத்தார். விரலை இரண்டு முறை தண்ணீரில் அலசி, எலுமிச்சைச் சாறு ஒரு துளியும் ஒட்டவில்லை என்று நக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு சீழ் கசிந்த அதே விரலால் ஒவ்வோர் உருண்டையிலும் குழி பதித்தார். தொழிலில் அத்தனை சுத்தம்.

கோவா மூங்கில் கூடையில், துணி மூடி, வெதுவெதுப்போடு இரவெல்லாம் இருந்தது. மறுநாள் வாடகைக் காரின் பின்பெட்டியில் பாகாலா வழியாகச் சித்தூர் போய்ச் சேர்ந்தது. தட்டில் அடுக்கியதும் குழிகளில் ஒரு மினுமினுப்பு. "பாத்துக்கோ, நெய் பிரிஞ்சி நிக்குது" என்று எல்லோருக்கும் காட்டினார்.

குப்பம் நகரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் முதலில் தின்றார்கள். பிறகு பெண்வீட்டார். பாக்கு வெற்றிலை மாற்றிச் சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் மண்டபத்தின் கழிவறைகள் போதவில்லை. மாப்பிள்ளையின் தாய் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை புது வேட்டியோடு தென்னை மரத்தடியில் குனிந்திருந்தார். யாருக்கும் காய்ச்சல் இல்லை. வாந்தி, வயிற்றைப் பிசையும் வலி, வியர்வை. மறுநாள் எல்லோரும் தெளிந்துவிட்டார்கள், நிச்சயமும் முறியவில்லை. குப்பத்துக்காரர்கள் பெருந்தன்மையானவர்கள். "உங்க ஊட்டு முதல் தட்ட மறக்கவே மாட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆதிநாராயணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்க்கரைக்குப் பயந்து அவர் கோவாவைத் தொடவில்லை. ஆனால் வாந்தியெடுப்பவர்களுக்கு நடுவே நேராக நின்றது அவருக்குத் தம் வயிற்றின் மேன்மையாகவே பட்டது.

"டவுன்ல பாக்கெட்டு பால் குடிச்சி வளந்த வயிறு. கொழுப்பு தாங்கலை" என்றார்.

அந்த விளக்கம் ஊர் திரும்பும்வரைதான் ஓடியது. திருப்பதியில் செய்தி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. ரமணா தொலைபேசியில், "கொஞ்ச நாளு வத்து அன்னா, வேணாம். கஸ்டமருலு விரலப் பத்தி கேக்கறாங்க" என்றார். விரலைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றதும் அவருக்குப் பற்றிக்கொண்டது. மறுநாள் காலை பால் சென்டருக்குப் போய், கேனோடு வரிசையில் நின்றவர்கள் முன்னிலையில் பொன்னியம்மாளைப் பார்த்துக் கத்தினார்.

"மடி நோவு வந்த எருமைப் பால எனக்கு ஊத்திட்டியேக்கா! என் குடும்பத்து மானத்த வாங்கிட்டியே!"

"என் எருமைக்கு மடி நோவா? உன் கண்ணுல தான் நோவு" என்றாள் பொன்னியம்மாள். "காலைல கறந்த பால என் பேத்தி குடிச்சிட்டுதான் ஸ்கூலுக்குப் போயிக்கீது."

ஆனால் சென்டர் நடத்தும் முனிகிருஷ்ணன் பயந்த ஆள். விவகாரம் தீரும்வரை அவள் பாலை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். கால்நடை மருத்துவர் வந்து மடிகளை அமுக்கிப் பார்த்துச் சுத்தம் என்றார். முனிகிருஷ்ணன் அப்போதும் எடுக்கவில்லை. பொன்னியம்மாள் காலையில் கேனைத் தூக்கி வந்து வரிசையில் நிற்பாள். திருப்பித் தூக்கிப் போவாள். ஆதிநாராயணன் தேநீர்க்கடைப் பெஞ்சிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் பிழைக்க வேண்டுமானால் பால் கெட்டதாக இருந்தே ஆக வேண்டும். அவர் கணக்கு அவ்வளவு எளியது.

இதற்கிடையில் முரளிதரன் அழைத்து, நிச்சயத்தில் மீந்து ஊர் திரும்பிய கோவாவைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்பச் சொன்னார். பாதி திருப்பதியில் உள்ள பரிசோதனைக் கூடத்துக்கு, பாதி தம் கூடத்துக்கு.

"அனுப்பறேன்டா. நல்லா பாத்துக்கோ" என்றார் அண்ணன்.

அனுப்புவதற்கு முன் மீந்ததையெல்லாம் வாணலியில் கொட்டி, இன்னொரு தரம் அடி பிடிக்கும்வரை கிண்டினார். கிருமி என்று ஒன்று இருந்திருந்தால் நெருப்பில் சாகட்டும் என்பது அவர் யோசனை. சூடு ஆறியதும் எலுமிச்சையைக் கழற்றாத கையோடு, கரண்டியால் உருட்டி அனுப்பினார். காஞ்சனா பார்த்துக்கொண்டுதான் நின்றாள். கேட்டால் திட்டு விழும் என்று கேட்கவில்லை.

திருப்பதிக் கூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். எதுவும் வளரவில்லை. அந்தச் செய்தி வந்த நாள்முதல் ஆதிநாராயணனுடைய நடையே மாறிவிட்டது. பொத்தான் போடாத சட்டையும் நிமிர்ந்த எலுமிச்சையுமாகத் தெருவில் போனார். தம் கோவாவில் எந்தக் குறையும் இல்லை என்றார். அந்தக் கோவாவில் இருந்த குறை பொன்னியம்மாளுடையது என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் அவருக்குச் சங்கடம் இருக்கவில்லை. கேட்பவர்களுக்குத்தான் இருந்தது, அவர்களும் கேட்டுக்கொண்டு போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முரளிதரன் புத்தூர் வந்தார். வீட்டுக்கு வரவில்லை; நேராகப் பால் சென்டருக்குப் போனார். பழி சொல்லப்பட்ட இடத்தில்தான் பதிலும் சொல்லப்பட வேண்டும் என்று பொன்னியம்மாள் தொலைபேசியில் கேட்டிருந்தாள். முரளிதரன் காஞ்சனாவிடமும் பேசி, வீட்டுக்கென்று அவள் எடுத்து வைத்த குளிர்பெட்டி டப்பாவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அண்ணன் அனுப்பிய கோவாவைப் பாகாலாவிலேயே கரைத்துத் தெளிவாக்கிச் சிறு குப்பியில் கொண்டுவந்திருந்தார். கூடவே ஒரு பெட்டி நிறைய விரல் நீளப் பட்டைகள்.

ஆதிநாராயணன் ஒரு பட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடா முரளி, பொம்பளைங்க பாக்கிற அட்டை மாதிரி கீது? கோவா முழுகாம இருக்குதான்னு பாக்கப் போறியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முரளிதரனும் சிரித்தார்.

"கிட்டத்தட்ட அதே வேலைதாண்ணா. திருப்பதியில தேடுனது உயிரோட கீற கிருமிய. இது தேடுறது கிருமி கக்கிட்டுப் போன நஞ்ச. அந்த நஞ்சோட உருவத்த மட்டும் கண்டுபுடிச்சி ஒட்டிக்கிற எதிர்ப்பொருள இந்தக் கோட்டு மேல தடவி வெச்சிருக்காங்க. நஞ்சு இருந்தா ஒட்டிக்கினு ரெண்டாவது கோடு வரும். இல்லன்னா ஒரு கோடுதான். அந்த ஒண்ணு, பட்டை வேலை செய்யுதுன்னு சொல்ல."

"கிருமியே இல்லன்னு எழுத்து மூலமா சொல்லிட்டான். அது எங்கேந்து கக்கும்?"

"முன்னாடியே கக்கியிருந்தா?"

"முன்னாடி, பின்னாடி. படிச்சவனுங்களுக்கு வேற வேலை இல்லை" என்று ஆதிநாராயணன் வரிசைப் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார்.

முரளிதரன் குப்பியிலிருந்து சில சொட்டுகளைப் பட்டையின் மீது விட்டார். எல்லோரும் குனிந்தார்கள். ஈரம் மெல்ல ஏறியது. மேலே ஒரு கோடு வந்தது. சற்றுப் பொறுத்து, அதற்குக் கீழே, சந்தேகத்துக்கு இடமில்லாத சிவப்பில், இன்னொன்று.

"அது எப்பிட்றா வரும்?" என்று ஆதிநாராயணன் பாய்ந்தார். "டுபாக்கூர் அட்டை! நான்தான் திரும்ப அடுப்புல போட்டு, அடி புடிக்கக் கிண்டி அனுப்பிச்சேனே!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

பொன்னியம்மாள்தான் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏன் தம்பி திரும்பக் கிண்டினே? நல்ல கோவாதானே?"

அவர் முரளிதரனைப் பார்த்தார். முரளிதரன் பட்டையைப் பார்த்துக்கொண்டே, கிருமி நெருப்பில் செத்துவிடும் என்றும், இந்தக் கிருமியின் நஞ்சு அடுப்புச் சூட்டுக்கு அசையாது என்றும், அதனால்தான் வளர்த்துப் பார்த்தபோது அகப்படவில்லை என்றும் சொன்னார். யாரையும் குத்திச் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை.

ஆதிநாராயணன் விரைவிலேயே தேறிவிட்டார். அவரைப் போன்றவர்கள் தேறிவிடுவார்கள். அவமானம் ஒட்டிக்கொள்ள உள்ளே ஏதாவது இருக்க வேண்டும்.

"ஆங்! அதத்தான் நானும் சொல்லிக்கினு வரேன். நெருப்புக்கே அடங்காத நஞ்சு! பால்லேயே இருந்திருக்குது. காய்ச்சினாலும் போவல. அக்கா, இப்ப இன்னா சொல்றே?"

பொன்னியம்மாள் முரளிதரனைப் பார்த்தாள். அவள் வாழ்வு அந்த நேரத்தில் ஒரு பட்டையின் மேல் நின்றது. பாலைச் சோதிக்கும் பட்டையிலும் இரண்டாவது கோடு வந்தால் இரண்டு எருமைகளையும் விற்க வேண்டியதுதான்.

முரளிதரன் காஞ்சனாவின் டப்பாவைத் திறந்தார். அதே பால், அதே வாணலி, அதே நாள். ஒரே வித்தியாசம், அதை அள்ளியது கரண்டி. நஞ்சு பாலில் இருந்திருந்தால் இதிலும் இருக்க வேண்டும். அங்கேயே கொஞ்சம் எடுத்துக் கரைத்து, வடித்து, தெளியவிட்டார். அதற்கு நேரம் பிடித்தது. பால் ஊற்றிவிட்டவர்களும் வீட்டுக்குப் போகவில்லை. முனிகிருஷ்ணன் எல்லோருக்கும் தேநீர் சொன்னார். ஆதிநாராயணன் தமக்குச் சர்க்கரை வேண்டாம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

சொட்டு விழுந்தது. ஈரம் ஏறியது. ஒரு கோடு வந்தது. காத்திருந்தார்கள். தேநீர் ஆறியது. இரண்டாவது கோடு வரவில்லை.

"அப்போ பால்ல இல்ல" என்றார் முனிகிருஷ்ணன், தாமே கண்டுபிடித்தவரைப் போல. "கரண்டி போட்டதுல இல்ல. உருட்டுனதுல கீது."

சொல்லி வைத்தாற்போல எல்லோருடைய கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. எலுமிச்சம்பழம் அன்றும் விரலில் இருந்தது. ஒரு பக்கம் கறுத்து, ஓரத்தில் மஞ்சளாய் ஏதோ வடிந்து காய்ந்திருந்தது. அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"உருட்டும்போது அதக் கழட்டி சன்னல்ல வெச்சாரு" என்றாள் காஞ்சனா. முப்பது வருடத்தில் நாலு பேர் முன்னால் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம். "புளிப்பு பட்டா திரிஞ்சிடும்னு."

சிரித்தது யார் என்று தெரியவில்லை. ஒருவர் தொடங்கினார், பிறகு கேன்களெல்லாம் அதிர்ந்தன. "சீழ் பட்டா திரியாதாப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

முரளிதரன், "அண்ணா, விரலக் கொஞ்சம் காட்டுங்க, பஞ்சுல ஒத்தி எடுத்துக்கறேன், மருந்துக்கும் நல்லது" என்றார். ஆதிநாராயணன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என் விரல நீ டெஸ்ட்டு பண்ணுவியா? அந்த விரலு உருட்டுனத துன்னுதான்டா நீ வளந்தே."

"அதான்ணா பயமா கீது" என்றார் முரளிதரன்.

அன்று சாயங்காலமே முனிகிருஷ்ணன் பொன்னியம்மாளின் பாலை எடுத்துக்கொண்டார். ஆதிநாராயணனுக்கு வேண்டியதும் அந்தப் பால்தான். அது இல்லாமல் அவருடைய கோவா வெறும் கூழ். இரண்டு நாள் பொறுத்து, வழக்கமான தூக்குப் பாத்திரத்தோடு அவள் வீட்டுக்குப் போனார். கறந்துகொண்டிருந்தவள் எழவில்லை.

"சென்டர்ல வந்து சொல்லு. எங்க நின்னு பழி போட்டியோ, அங்கியே நின்னு சொல்லு. அப்பறம் ஊத்தறேன்."

அவர் போனார் என்பதைப் பதிவு செய்தாக வேண்டும். வரிசை முழுதும் கேட்க, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பால் மேல தப்பு இல்ல" என்றார்.

"அப்ப யாரு மேல?" என்றாள் பொன்னியம்மாள்.

ஆதிநாராயணன் கூரையைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார். தம் விரலைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில், "இந்த வருசம் வெயிலு ஜாஸ்தி" என்றார்.

அவள் கேனின் மூடியை அழுத்தி மூடினாள்.

பால் பிறகு காஞ்சனாவின் பெயரில்தான் அந்த வீட்டுக்கு வந்தது. நிபந்தனை பொன்னியம்மாளுடையது: அடுப்படிக்குள் அவர் வரக்கூடாது. காஞ்சனா சித்தூரிலிருந்து மர அச்சும், ஒரு பெட்டிக் கையுறையும், சோப்பும் வாங்கிவந்தாள். ஆறிய உடனே குளிர்பெட்டி. ரமணா மறுபடி வாங்கத் தொடங்கினார். அச்சில் ஒரு சிறு தாமரை. குழி இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம், குழி இல்லாத கோவாவும் ஒரு கோவாவா என்று கேட்டுக்கொண்டிருந்தார். விரலைக் கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் கீறி ஆற்றினார்கள். புது நகம் கொஞ்சம் கோணலாக முளைத்தது.

பிரமிளாவின் கல்யாணத்துக்கு வழக்கம்போல முதல் தட்டு பங்காளி வீட்டிலிருந்தே போனது. குப்பத்துக்காரர்கள் தட்டைப் பார்த்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாமரையைக் கண்டதும் எடுத்துக்கொண்டார்கள். ஆதிநாராயணன் பட்டு வேட்டியில் ஓரமாக நின்று பார்த்தார். தட்டு பாதி காலியானபோது அருகே போய் ஒரு வில்லையை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து, ஆள்காட்டி விரலால், நிதானமாக, தாமரையின் மேல் ஒரு குழி பதித்தார்.

பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய் நின்றிருந்தார். "எடுத்துக்கோங்க சம்பந்தி" என்று ஆதிநாராயணன் நீட்டினார்.

அந்த அம்மாள் இரண்டு கைகளையும் குவித்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். ஆதிநாராயணன் மாப்பிள்ளையின் பக்கம் நீட்டினார். மாப்பிள்ளை புகைப்படக்காரரைக் கவனிக்கப் போய்விட்டார். முரளிதரனிடம் நீட்டினார், முரளிதரன் சிரித்தார், எடுக்கவில்லை. காஞ்சனா தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

கையில் வெகுநேரம் வைத்திருந்ததில் வில்லை இளகத் தொடங்கியது. கீழே போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள். சர்க்கரையைப் பொருட்படுத்தாமல் அதை அவரே தின்ன வேண்டியதாயிற்று.